துணையாறு

(பவானியில் வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

இங்கிருந்து சற்று நடந்தால் கூடுதுறை. காவிரியும் பவானியும் சேரும் இடம். திருநணா என்று தேவாரத்தில் சம்பந்தர் பாடிய தலம். ஆடிப் பதினெட்டுக்கும் அமாவாசைக்கும் அந்தப் படித்துறையில் இறங்காத குடும்பம் இந்த ஊரில் இராது. இரண்டு ஆறுகள் கண்ணுக்குத் தெரிகின்றன. மூன்றாவதாக அமுத நதி ஒன்று கண்ணுக்குத் தெரியாமல் வந்து சேர்கிறது என்பது நம்பிக்கை. அந்த நம்பிக்கையை நான் எப்போதும் மதிப்பவன். இரண்டு ஆறுகள் சேர்ந்தால் போதாது, மூன்றாவதாகவும் ஒன்று வேண்டும் என்று நினைத்த மனிதர்களுக்கு ஆற்றின் இயல்பு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

நான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளியில் புவியியல் சொல்லிக் கொடுத்தவன். ஒவ்வோர் ஆண்டும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம் வெற்றுத் தாளைக் கொடுத்து, புத்தகத்தைப் பார்க்காமல் தமிழ்நாட்டின் ஆறுகளை வரையச் சொல்வேன். மேற்கே மலை, கிழக்கே ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் நீளும் கடற்கரை. நடுவில் நீலக் கோடுகள்: பாலாறு, தென்பெண்ணை, காவிரி, வைகை, தாமிரபரணி. ஐந்தும் சரியாக இருக்கும். ஆனால் ஒவ்வொன்றும் தனியாக நிற்கும், கிளையில்லாத பனைமரம் போல. அந்தக் கோடுகளுக்குள் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பிள்ளைகள் விழிப்பார்கள். அது பிள்ளைகளின் குற்றமில்லை. பாடப்புத்தகம் துணையாறுகளுக்கு ஒரு வரி கொடுத்திருந்தது; பரீட்சையில் அதற்கு ஒரு மதிப்பெண்.

இன்று நான் பேச வந்தது அந்த ஒரு வரியைப் பற்றித்தான்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். வந்து சேர்வது துணையாறு, பிரிந்து போவது கிளையாறு. பவானியும் அமராவதியும் காவிரிக்குத் துணையாறுகள். கல்லணைக்குக் கீழே பிரியும் வெண்ணாறும், குடமுருட்டியும், அரசலாறும் கிளையாறுகள். பேச்சில் இரண்டையுமே கிளை நதி என்று சொல்லிவிடுகிறோம். கொண்டுவந்து கொடுப்பவரையும் வாங்கிக்கொண்டு போகிறவரையும் ஒரே பெயரால் அழைத்தால் கணக்கு எப்படி நேராகும்?

துணை என்ற சொல்லுக்கு நம் மொழியில் இரண்டு பொருள் உண்டு. வாழ்க்கைத் துணை, வழித்துணை என்னும்போது அது சரிநிகரான உறவு. துணை ஆட்சியர், துணைத் தலைவர் என்னும்போது ஒருவருக்குக் கீழே இன்னொருவர். ஆற்றுக்குப் பெயர் வைத்தவர்கள் முதல் பொருளில் வைத்தார்கள் என்று நான் நம்புகிறேன். நாம் இரண்டாவது பொருளில் எடுத்துக்கொண்டோம்.

எண் ஒன்றைச் சொல்கிறேன். 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் காவிரி வழக்கில் இறுதித் தீர்ப்பு அளித்தது. தமிழ்நாட்டின் பங்கு 404.25 டி.எம்.சி. ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி. இதில் கர்நாடகம் எல்லையில், பிலிகுண்டுலு அளவை நிலையத்தில், நமக்குத் தரவேண்டியது 177.25 டி.எம்.சி. இந்த 177.25 என்ற எண் நம்மில் பலருக்கு மனப்பாடம். இதற்காகப் போராடினோம், உண்ணாவிரதம் இருந்தோம், ரயிலை மறித்தோம். அந்தப் போராட்டங்கள் அத்தனையும் நியாயமானவை. அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

இப்போது 404.25-லிருந்து 177.25-ஐக் கழியுங்கள். மிச்சம் 227.

இந்த 227 டி.எம்.சி. எல்லையைத் தாண்டி வருவதில்லை. பிலிகுண்டுலுவுக்குக் கீழே, நம்முடைய நிலத்தில் பெய்யும் மழையாகவும் நம்முடைய துணையாறுகளின் நீராகவும் கிடைக்கும் என்று கணக்கிட்டு நம் பங்கில் வைத்தது. மேட்டூர் அணையின் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. அப்படியானால் ஏறத்தாழ இரண்டரை மேட்டூர். நம் பங்கில் பாதிக்கு மேல். பவானி, நொய்யல், அமராவதி, சரபங்கா, திருமணிமுத்தாறு, சின்னாறு, தொப்பையாறு, அய்யாறு என்று நாம் பெயர்கூடச் சரியாகச் சொல்லாத ஆறுகளை நம்பி எழுதப்பட்ட எண் அது. அண்டை மாநிலம் 177-ஐத் தராவிட்டால் கேட்பதற்கு நீதிமன்றம் இருக்கிறது. 227 குறைந்தால் யாரிடம் போய்க் கேட்பது?

உங்கள் ஊர் ஆற்றுக்கு வருகிறேன். பவானியின் பயணம் விசித்திரமானது. நீலகிரியின் தென்மேற்கில், மேல்பவானிப் பகுதியில் பிறக்கிறது. பிறந்ததும் கேரளத்துக்குள் இறங்குகிறது. அட்டப்பாடியில் முக்காலி என்ற இடத்தில் சட்டென்று திரும்பி வடகிழக்கே வருகிறது. கேரளத்தின் 44 ஆறுகளில் 41 மேற்கே அரபிக் கடலுக்குப் போகின்றன. மூன்றுதான் கிழக்கே திரும்புகின்றன: கபினி, பவானி, பாம்பாறு. மூன்றும் வந்து சேர்வது காவிரியில். கபினி கர்நாடகத்தில் சேர்கிறது. பாம்பாறு அமராவதியாகி வருகிறது. பவானி நேரே உங்கள் வாசலுக்கு வருகிறது.

அது தனியாக வரவில்லை. அட்டப்பாடியில் சிறுவாணி சேர்கிறது. அதே சிறுவாணியின் நீரைத்தான் மலையைக் குடைந்து கோவைக்குக் குடிக்கக் கொண்டுபோகிறார்கள். பில்லூர்ப் பக்கம் குந்தா சேர்கிறது. மேட்டுப்பாளையத்தில் குன்னூர் மலையின் நீர் இறங்குகிறது. பவானிசாகரில் மாயாறு வந்து சேர்கிறது. மாயாறு தன் பங்குக்குப் பைக்காராவின் நீரை வாங்கிக்கொண்டு, முதுமலைக் காட்டைக் கடந்து, ஆழமான பள்ளத்தாக்கில் ஓடி வருகிறது. 1955இல் கட்டி முடிக்கப்பட்ட கீழ்பவானி அணை, இந்த இரண்டு ஆறுகளையும் சேர்த்தே பிடித்து வைத்திருக்கிறது. அதன் கால்வாய் 200 கிலோமீட்டர் ஓடி இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட ஏக்கருக்குத் தண்ணீர் தருகிறது. துணையாற்றுக்கும் துணையாறு, அதற்கும் ஒரு துணையாறு. இந்த வரிசையை மேலே மேலே தொடர்ந்து போனால், பெயரில்லாத ஓர் ஓடையில் போய் நிற்கும். நீலகிரியின் சோலைக்காட்டில் புல்லடியில் கசியும் ஈரம்தான் அதன் முகவரி.

உழவர்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை, ஆனாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். துணையாறுகள் நீரின் அளவை மட்டும் கூட்டுவதில்லை. காலத்தையும் பங்கிட்டுக் கொடுக்கின்றன. ஆனி, ஆடியில் தென்மேற்குப் பருவக்காற்று மேற்கு மலையில் முட்டும்போது பவானியும் அமராவதியும் பெருகும். அப்போது சேர்வராயன் மலையடிவாரத்து ஆறுகளில் பெரிய வரத்து இருக்காது. ஆவணிக்குமேல், புரட்டாசி இடிமழையில், ஐப்பசி அடைமழையில் அவற்றின் முறை வரும். ஒரு மலை ஏமாற்றினால் இன்னொரு மலை கைகொடுக்கும். ஒரு பருவம் பொய்த்தால் மறு பருவம் பார்த்துக்கொள்ளும். தாமிரபரணியில் இது இன்னும் துலக்கமாகத் தெரியும். குற்றாலத்துச் சாரலில் சிற்றாறு பெருகும் காலம் வேறு, வடகிழக்குப் பருவத்தில் மணிமுத்தாறு பெருகும் காலம் வேறு. பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடல் சேரும்வரை அந்த ஆறு தமிழ்நாட்டை விட்டு வெளியே போவதில்லை. 130 கிலோமீட்டர்கூட நீளமில்லாத அந்த ஆற்றுக்குக் காரையாறு, சேர்வலாறு, மணிமுத்தாறு, கடனாநதி, ராமநதி, ஜம்புநதி, பச்சையாறு, சிற்றாறு என்று இத்தனை துணைகள். இரண்டு பருவமும் எட்டு அணைக்கட்டும் சேர்ந்துதான் நெல்லைச் சீமையை நெல்லுக்கு வேலியிட்ட ஊராக வைத்திருக்கின்றன.

காலிங்கராயனைப் பற்றிப் பேசாமல் பவானியில் ஒரு கூட்டத்தை முடிக்க முடியாது. 13ஆம் நூற்றாண்டு. பவானி காவிரியோடு கலப்பதற்குச் சற்று முன்பு அதன் குறுக்கே காலிங்கராயன் கட்டிய ஓர் அணைக்கட்டு. அங்கிருந்து புறப்படும் வாய்க்கால் ஈரோட்டைக் கடந்து, தொண்ணூறு கிலோமீட்டர் வளைந்து வளைந்து போய், ஆவுடையார்பாறை அருகே நொய்யலில் முடிகிறது. ஒரு பாம்பு முன்னே ஊர்ந்து வழிகாட்டியது, அதன் தடத்தில் வாய்க்கால் வெட்டினார்கள் என்று கதை சொல்வார்கள். அந்தக் கதையை நான் வகுப்பில் விடாமல் சொல்வேன். சொல்லிவிட்டு, நிலமட்டக் கோடு என்றால் என்ன என்ற பாடத்தைத் தொடங்குவேன். மேடு வந்தால் விலகி, பள்ளம் வந்தால் ஒதுங்கி, ஒரே சீரான மெல்லிய சரிவில் போகவேண்டுமானால் வாய்க்கால் பாம்பைப்போலத்தான் வளைய வேண்டும். அந்த அறிவைக் கதைக்குள் பொதிந்து எழுநூறு ஆண்டுகள் காப்பாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். அந்த வாய்க்கால் காவிரியின் துணையாறு ஒன்றை இன்னொரு துணையாற்றோடு இணைக்கிறது என்பதையும் கவனியுங்கள். நதிநீர் இணைப்பு என்று இன்று பெரிதாகப் பேசுகிறோமே, நம் கொங்கு நாட்டில் அது துணையாறுகளில்தான் தொடங்கியது.

அந்த வாய்க்கால் போய்ச் சேரும் நொய்யலின் கதையைச் சொல்லும்போது எனக்குத் தொண்டை அடைக்கிறது. வெள்ளியங்கிரி மலையில் சின்னாறும் பெரியாறும் நீலியாறும் இறங்கிச் சேர்ந்து நொய்யலாகின்றன. காஞ்சிமாநதி என்று பழம்பெயர். பேரூர், குறிச்சி, உக்கடம், சிங்காநல்லூர் என்று கோவையின் குளங்களை ஒன்றன்பின் ஒன்றாக நிரப்பிக்கொண்டு போகும்படி அணைக்கட்டுகளும் வாய்க்கால்களும் அமைத்திருந்தார்கள். அதன் கரையில் கொடுமணல். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு இரும்பு உருக்கிய ஊர், மணிக்கற்களில் துளையிட்டு மாலை கோத்த ஊர், பானை ஓட்டில் தன் பெயரைத் தமிழில் கீறி வைத்த மனிதர்களின் ஊர். அந்த ஆறு திருப்பூரைத் தாண்டியபோது சாயத்தண்ணீராயிற்று. 1990களின் தொடக்கத்தில் ஒரத்துப்பாளையத்தில் பாசனத்துக்காக ஓர் அணை கட்டினார்கள். சில ஆண்டுகளிலேயே அது சாயக்கழிவு தேங்கும் தொட்டியாகிவிட்டது. உலகத்தில் எந்த உழவனும் கேட்காத ஒன்றை நம் உழவர்கள் கேட்டார்கள்: அணையைத் திறக்காதீர்கள் என்றார்கள். திறந்துவிட்டால் நிலம் உப்பாகிவிடும், கிணறு கெட்டுவிடும். வழக்கு நடந்து, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்ட பிறகுதான், ஒரு சொட்டுக் கழிவும் வெளியேறாமல் சுத்திகரிக்கும் முறைக்கு அந்தத் தொழில் கட்டாயமாக நகர்ந்தது. அந்தத் தொழிலை நம்பி லட்சக்கணக்கான குடும்பங்கள் இருந்தன, இருக்கின்றன. அவர்களும் நம் மக்கள்தான். ஆற்றையும் தொழிலையும் சேர்த்து யோசிக்காமல் நொய்யலைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை. ஆனால் காவிரியின் நடுவில் யாராவது சாயத்தைக் கொட்டியிருந்தால் நாடே திரண்டிருக்கும். நொய்யலில் கொட்டியபோது அது கரையோர உழவர்களின் வழக்காக மட்டும் இருந்தது. துணையாறு என்பதால்தான் இத்தனை ஆண்டுகள் இழுத்தது என்று நான் நினைக்கிறேன்.

நம் முன்னோர் துணையாறுகளை இப்படித் தாழ்வாக நினைக்கவில்லை என்பதற்கு ஊர்ப்பெயர்களே சான்று. ஆறுகள் சேரும் இடத்துக்கெல்லாம் தனிப் பெயர் வைத்தார்கள். உங்களுக்குக் கூடுதுறை. கரூருக்குப் பக்கத்தில் அமராவதி காவிரியில் சேரும் இடம் திருமுக்கூடலூர். ஆன்பொருநை என்று சங்ககாலப் புலவர்கள் பாடிய அந்த அமராவதியின் மணலில், சேரர் நாணயமும் ரோமானிய நாணயமும் கலந்து கிடைத்திருக்கின்றன. நெல்லையில் சிற்றாறு தாமிரபரணியோடு சேரும் சீவலப்பேரியின் பழம்பெயர் முக்கூடல். முக்கூடற்பள்ளு அந்த ஊரைப் பற்றியது. காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் இடம் திருமுக்கூடல்.

அந்தத் திருமுக்கூடலில் கொஞ்சம் நிற்க விரும்புகிறேன். அங்கே பெருமாள் கோயிலில் வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது, 11ஆம் நூற்றாண்டு. வேதம் படிக்கும் மாணவர்களுக்கு ஒரு கல்விச்சாலை, அவர்களுக்கு உணவு, தங்குமிடம். அதோடு ஓர் ஆதுலர் சாலை, அதாவது மருத்துவமனை. பெயர் வீரசோழன். பதினைந்து படுக்கைகள். வைத்தியர் ஒருவர், அறுவை செய்பவர் ஒருவர், மூலிகை கொண்டுவர ஆட்கள், நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளப் பெண்கள், ஒவ்வொருவருக்கும் எவ்வளவு நெல் என்ற கணக்கு, இருப்பில் வைக்கவேண்டிய மருந்துகளின் பட்டியல். இவ்வளவையும் கல்லில் வெட்டி வைத்தார்கள். மூன்று ஆறு கூடும் இடத்தில் மூன்று திசையிலிருந்தும் மனிதர்கள் வருவார்கள். அங்கேதான் மருத்துவமனை வேண்டும் என்று யாரோ யோசித்திருக்கிறார்கள். ஆற்றின் கூடலை மனிதர்களின் கூடலாகப் பார்த்த கண் அது. இன்று அங்கே போய் நின்றால், ஆண்டின் பெரும்பகுதி பார்ப்பது மணல். வேகவதி காஞ்சிபுரத்தின் கழிவைச் சுமந்துகொண்டு வருகிறது. ஜவ்வாது மலையிலிருந்து வரும் செய்யாறு, நல்ல மழை பெய்த ஆண்டுகளில், இப்போதும் பாலாற்றுக்குத் தண்ணீர் கொடுக்கிறது. பாலாறு கர்நாடகத்தில் பிறந்து ஆந்திரத்தைக் கடந்து வருகிறது. மேலே தடுப்பணை கட்டுகிறார்கள் என்ற நம் வருத்தம் உண்மையானது. அந்த வருத்தத்தின் நடுவே செய்யாறு என்ற ஒன்று முழுக்க முழுக்க நம் மலையில் பிறந்து, நம் நிலத்தில் ஓடி, பாலாற்றைக் காப்பாற்றப் பார்ப்பதை மறந்துவிடக் கூடாது.

வைகையைப் பற்றி இரண்டு வார்த்தை. சுருளியாறு, கொட்டக்குடி, வராகநதி, மஞ்சளாறு, மருதாநதி என்று அதற்கும் துணைகள் உண்டு. அவை போதாமல், 1895இல் பென்னிகுவிக் கட்டிய அணையிலிருந்து, மேற்கே ஓடிய பெரியாற்றின் நீரை மலையைக் குடைந்து சுருளியாற்றுப் பள்ளத்தாக்கில் இறக்கினோம். மனிதன் வெட்டிச் சேர்த்த துணையாறு அது. பல நூறு கோடி கன அடி நீரை அப்படி வரவழைத்த நாம், வருசநாட்டுக் காடு மெலிந்து வைகையின் சொந்த ஓடைகள் வற்றியபோது அதே அக்கறையைக் காட்டவில்லை.

விருத்தாசலத்திலும் ஒரு மணிமுத்தாறு ஓடுகிறது. அதுவும் துணையாறுதான், போய் வெள்ளாற்றில் சேர்கிறது. சுந்தரர் அந்த ஆற்றில் பொன்னைப் போட்டுத் திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் எடுத்தார் என்பது புராணம். ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடுவது என்ற பழமொழி அங்கிருந்து வந்தது என்பார்கள். ஓர் ஊரில் ஆற்றில் விடுவது இன்னோர் ஊரில் குளத்தில் வந்து நிற்கும் என்ற உண்மை அதற்குள் இருப்பதாக எனக்குத் தோன்றும். பொன்னுக்கும் அது பொருந்தும், சாயத்துக்கும் பொருந்தும்.

இனி என் வகுப்பறைக்குத் திரும்புகிறேன். சில காலம் சேலம் நகரில் பணியாற்றினேன். ஒருநாள் பிள்ளைகளிடம் கேட்டேன்: உங்கள் தெருவில் பெய்யும் மழைத்தண்ணீர் எந்த ஆற்றுக்குப் போகிறது? ஒரு சிறுமி எழுந்து, “சாக்கடைக்குப் போகுதுங்க ஐயா” என்றாள். சாக்கடை எங்கே போகிறது என்றேன். “பெரிய சாக்கடைக்கு” என்றாள். அவள் சொன்ன பெரிய சாக்கடையின் பெயர் திருமணிமுத்தாறு. சேர்வராயன் மலையில் பிறந்து, நகரின் நடுவே ஓடி, நாமக்கல் மாவட்டத்தில் காவிரியில் சேரும் ஆறு. மணியும் முத்தும் திருவும் சேர்த்துப் பெயரிட்ட ஒன்றைப் பத்து வயதுக் குழந்தைக்கு நாம் அப்படித்தான் காட்டியிருக்கிறோம். அன்று எனக்கு வேறு பாடம் நடத்த முடியவில்லை. அடுத்த வாரம் பெற்றோரின் அனுமதியோடு பிள்ளைகளை மலையடிவாரத்துக்கு அழைத்துப் போனேன். அங்கே ஓடையில் கணுக்காலளவு தண்ணீர், அடியில் கூழாங்கல் தெரிந்தது. இதுதான் நீ சொன்ன சாக்கடை என்றேன். அவள் நம்பவில்லை. நம்பாமல் குனிந்து தண்ணீரை அள்ளி மோந்து பார்த்தாள்.

நம் மாநிலத்தின் ஆற்றுப்படுகைகளை நீர்வளத் துறை 17 என்றும், அவற்றின் உட்பிரிவுகளை 127 என்றும் வகுத்திருக்கிறது. செய்தித்தாளில் நாம் படிப்பது அந்தப் பதினேழில் நான்கைந்தைப் பற்றி. மற்றவை எங்கே எழுதியிருக்கின்றன என்று கேட்டால், உங்கள் கிராம நிர்வாக அலுவலரிடம் இருக்கும் கிராம வரைபடத்தில் எழுதியிருக்கின்றன. ஓடை, வாய்க்கால், பள்ளம், நீர்வழிப் புறம்போக்கு என்று அ-பதிவேட்டில் புல எண்ணோடு பதிவாகியிருக்கின்றன. நம் கொங்கு வட்டாரத்தில் ஓடையைப் பள்ளம் என்போம். குண்டேரிப்பள்ளம், வரட்டுப்பள்ளம், பெரும்பள்ளம் மூன்றும் நம் மாவட்டத்தில் அணையாகவே இருக்கின்றன. அணை கட்டாத பள்ளங்கள் எத்தனையோ. காட்டில் அவை ஓடும், ஊருக்குள் வந்ததும் காணாமற்போகும். காகிதத்தில் இருபதடி அகலமுள்ள பள்ளம் நேரில் ஒரு குழாய்க்குள் அடங்கியிருக்கும், அல்லது ஒரு மதில் சுவருக்குப் பின்னால் போய்விட்டிருக்கும். நெடுஞ்சாலைப் பாலங்களில் பெரிய ஆறுகளுக்குப் பெயர்ப்பலகை உண்டு. சிறிய பாலங்கள் பலவற்றில் எண் மட்டும் இருக்கும். பெயர் எழுதாத ஓடையை மூடினால் யாருக்கு வலிக்கும்?

ஆகவே ஒரு வேண்டுகோள் வைத்திருக்கிறேன். வரும் ஞாயிறு காலை ஆறு மணிக்கு நாங்கள் சிலர் இந்த மண்டப வாசலிலிருந்து கிளம்புகிறோம். பவானியில் வந்து சேரும் ஒரு பள்ளத்தை, அது சேரும் இடத்திலிருந்து மேல்நோக்கி, போக முடிகிறவரை நடந்து பார்ப்பது திட்டம். கிராம வரைபடத்தின் நகல் நான்கு எடுத்து வைத்திருக்கிறேன். வழியில் வயதானவர்கள் யாரைப் பார்த்தாலும் அந்தப் பள்ளத்துக்கு என்ன பெயர், எந்த மாதம் தண்ணீர் வரும், கடைசியாகக் கரை தட்டி ஓடியது எந்த வருடம் என்று கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். நோட்டும் பேனாவும் எடுத்து வாருங்கள், குடிக்கத் தண்ணீர் எடுத்து வாருங்கள். முள் இருக்கும், நல்ல செருப்பாகப் போட்டு வாருங்கள். பிள்ளைகள் இருந்தால் அவர்களையும் அழைத்து வாருங்கள்.